உடற்குறையுள்ள அக்காவுடன் வீட்டோடு தங்கி வேலை: எதையெல்லாம் முதலிலேயே பேசி வைக்க வேண்டும்?

புதுக்கோட்டைப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் பணிப்பெண்ணாக வேலை செய்கிறேன். இதுவரை தெம்பனிசில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பாட்டி காலமாகிவிட்டார், அதனால் அடுத்த மாதம் வேறு வீட்டுக்கு மாறுகிறேன். புது வீடு சுவா சூ காங் பக்கம், நம் தமிழ்க் குடும்பம். அம்மா அப்பா இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. மகளுக்கு 34 வயது, பிறந்ததிலிருந்து செரிப்ரல் பால்சி, கை கால் இறுகிப்போகும், சக்கர நாற்காலியில்தான் இருப்பார். பேச்சு இழுத்து இழுத்து வரும் ஆனால் எல்லாம் புரிகிறது, வீட்டிலிருந்தே கணினியில் வேலையும் செய்கிறார். வீடியோவில் பேசியபோது அவர் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது, மீதியை அம்மா எடுத்துச் சொன்னார்.

பாட்டிக்கு எல்லாம் செய்து பழக்கம் இருக்கிறது, அதனால் வேலைக்குப் பயமில்லை. ஆனால் பாட்டி வேறு, இந்த அக்கா வேறு இல்லையா? என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். குளிப்பாட்டுவது, கழிப்பறை, மாதவிலக்கு எல்லாம் இனி நான்தான். அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரவில் அவர் அறையிலேயே படுக்க வேண்டும், இரண்டு மூன்று முறை எழுந்து புரட்டிவிட வேண்டும் என்றார்கள். சமையலும் துணியும் என் வேலைதான். ஓய்வு நாள் மாதம் ஒன்று, மற்ற ஞாயிறுகளுக்குப் பணமாகத் தருகிறோம் என்றார்கள். பணமும் தேவைதான், ஊரில் தம்பி படிக்கிறான்.

இந்த மாதிரி வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும்? போவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் அக்கா:

தங்கச்சி, நான் பல வருடமாக ஒரு அம்மாவுடன் இருக்கிறேன், அவருக்குச் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நெஞ்சுக்குக் கீழே உணர்வே இல்லை. உன் அக்காவுக்கு உணர்வு இருக்கும், இறுக்கம்தான் பிரச்சினை. அதனால் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்.

காலை வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள். எங்கள் வீட்டில் ஆறு மணிக்குத் தொடங்கினால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடிக்க எட்டு ஆகிவிடும். ஒருபக்கமாகப் புரட்டி, சிறுநீர்ப் பையைக் காலி செய்து, மலம் கழிய உதவி, இருக்கையில் துளை உள்ள நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டி, துடைத்து, உடுத்தி. தண்ணீர் சூட்டை என் முழங்கையால் பார்த்த பிறகுதான் அவர்மேல் ஊற்றுவேன், சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

குளிப்பாட்டும்போது தோலைப் பார்ப்பதுதான் பெரிய வேலை. வால் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால். எலும்பு முட்டும் இடமெல்லாம். சிவந்திருக்கிறதா, அழுத்தினால் நிறம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்கள், ஆனால் நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பார். சுற்றி இருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அந்தப் பக்கம் அன்றைக்குப் பாரம் விழக் கூடாது, வீட்டாரிடமும் தாதியிடமும் சொல்லிவிட வேண்டும். படுக்கைப் புண் வருவதற்குச் சில மணி நேரம் போதும், ஆறுவதற்கு மாதக் கணக்காகும். விரிப்பில் சுருக்கம், பின்பையில் இருக்கும் கைபேசி, ஜீன்ஸ் தையல், இவ்வளவு போதும் தோல் கெட.

அப்புறம் உன் முதுகு. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது தூக்காதே. நாற்காலியைப் பக்கத்தில் சாய்வாக வைத்து பிரேக் போட்டு, கால் வைக்கும் தகட்டை ஒதுக்கிவிட்டு, உன் முழங்காலை மடக்கி முதுகை நேராக வைத்து, மூன்று எண்ணிவிட்டு இருவரும் சேர்ந்து திரும்ப வேண்டும். அக்குளில் கை கொடுத்து இழுத்தால் அவர் தோள் போகும். உன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டால் உன் கழுத்து போகும். அந்த அக்கா எத்தனை கிலோ என்று கேட்டுக்கொள், வெட்கப்படாதே. உன்னைவிட அதிகமாக இருந்தால் தூக்கும் கருவி இருக்கிறதா என்று கேள். அதில் தொங்கவிடும் துணியின் வளையங்கள் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் மாட்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பார்.

இதை இந்தத் தங்கச்சிக்காகச் சொல்லவில்லை, முதுகுத்தண்டு அடிபட்டவரைப் பார்த்துக்கொள்ளும் வேறு யாராவது படித்தால்: நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலேயோ முதுகுத்தண்டு அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டினால் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரத்த அழுத்தம் எகிறுவதால் வருவது, உயிருக்கே ஆபத்து. அடங்காவிட்டால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

சக்கர நாற்காலி_தோ பாயோ:

நான் அந்த அக்காவின் இடத்தில் இருப்பவள். எனக்கும் செரிப்ரல் பால்சி, வயது நாற்பதுக்கு மேல், பணிப்பெண்ணாக ஒரு தங்கை என்னுடன் தங்கியிருந்து உதவி செய்கிறாள். ஒரு விரலால் தட்டுகிறேன், அதனால் எழுதி முடிக்க நேரமாகிவிட்டது.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சிறு பிள்ளையிலிருந்து மற்றவர் கையால் குளித்தவள். உடம்பைப் பார்ப்பதால் எனக்குக் கூச்சம் வருவதில்லை, சொல்லாமல் தொட்டால்தான் வரும். இப்போது இடது காலைத் தூக்குகிறேன், இப்போது துடைக்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். கதவைச் சாத்துங்கள், துண்டால் மூடிவிட்டுத் தேவையான இடத்தை மட்டும் திறங்கள். மாதவிலக்கு நாளில் எந்த நேரத்துக்கு மாற்ற வேண்டும், எந்த நாப்கின் என்று அவரிடமே கேளுங்கள், அவர் அம்மாவிடம் கேட்காதீர்கள். என் தோலை உரசும் பிராண்டு எது என்று எனக்குத்தானே தெரியும்!

பேச்சு விளங்காதபோது தலையாட்டாதீர்கள். எனக்கு அது தெரிந்துவிடும், தெரியும்போது மிகவும் வலிக்கும். "புரியவில்லை, இன்னொரு தடவை" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். நான் பாதி சொல்லும்போதே மீதியை நீங்களே முடித்து வைக்காதீர்கள். ஒரு சில வாரத்தில் காது பழகிவிடும், என் தங்கைக்குப் பழகியது, இப்போது வங்கியில் நான் சொல்வதை அவள் அப்படியே திருப்பிச் சொல்கிறாள், ஒரு சொல் கூட்டுவதுமில்லை குறைப்பதுமில்லை. பாலிகிளினிக்கில் மருத்துவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து "இவர் நன்றாகத் தூங்குகிறாரா" என்று கேட்டால், அவள் வாயைத் திறக்காமல் என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். மருத்துவரும் திரும்பிவிடுவார். எனக்கு இதைவிடப் பெரிய உதவி யாரும் செய்ததில்லை.

எங்கள் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். மூளையில் பிறப்பதற்கு முன்போ பிறந்த சமயத்திலோ ஏற்பட்ட பாதிப்பு, அது வளர்வதில்லை, ஆனால் வயது ஏற ஏறத் தசையும் மூட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும், முப்பதுகளிலேயே வலி தொடங்கிவிடும். குளிரும் அவசரமும் பதற்றமும் இறுக்கத்தைக் கூட்டும். பாத்திரம் டமாலென்று விழுந்தால் என் கை கால் தானாக உதறும், அப்போது உங்கள் முகத்தில் என் கை பட்டாலும் அடித்ததாக நினைக்காதீர்கள். மடங்கிய கையை இழுத்து நிமிர்த்தவே கூடாது, இழுத்தால் இன்னும் இறுகும். வெந்நீரில் குளிப்பாட்டிவிட்டு மெதுவாகப் பிடித்துக் காத்திருந்தால் தானாகத் தளரும், சட்டை போட அதுதான் நல்ல நேரம். இறுக்கம் அதிகமுள்ள கையை முதலில் சட்டைக்குள் விடுங்கள், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில்.

சாப்பாடு ஊட்டும்போது அவருடைய கண் உயரத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் தலை மேலே தூக்கும், புரையேறும். விழுங்கிய பிறகுதான் அடுத்த கரண்டி. சாப்பிடும்போது கேள்வி கேட்காதீர்கள்.

இனி உங்களுக்கு உண்மையில் தலைவலி எங்கே வரும் என்று சொல்கிறேன். உங்கள் வேலை அனுமதியில் முதலாளி என்று அம்மா பெயரோ அப்பா பெயரோ இருக்கும். சம்பளம் அவர்கள் கையால் வரும். ஆனால் நீங்கள் செய்யும் வேலையெல்லாம் அக்காவின் உடம்பில், அக்காவின் நாளில். அக்கா "இன்றைக்கு ஐஸ்கிரீம் வேண்டும்" என்பார், அம்மா "சளி பிடிக்கும், கொடுக்காதே" என்பார். அக்கா பத்தரைக்குப் படுக்கிறேன் என்பார், அம்மா ஒன்பதுக்கே விளக்கை அணைக்கச் சொல்வார். யாரிடமோ கைபேசியில் பேசுகிறாரே, யார் என்று உங்களிடம் தனியாக விசாரிப்பார்கள். என் வீட்டில் இதெல்லாம் நடந்தது, என் அம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர், நாற்பது வருடம் பயந்தே பழகியவர். முன்னால் எங்களிடம் வேலை செய்த ஒரு பணிப்பெண் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு அழுதே போய்விட்டார்.

அதனால் போன முதல் வாரத்திலேயே, மூன்று பேரும் இருக்கும்போது, "அக்காவின் உடை, சாப்பாடு, தூக்கம், வெளியே போவது இதில் நான் யார் சொல்வதைக் கேட்க வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள். விழுங்குவது, மருந்து, விழும் ஆபத்து, இவற்றில் மருத்துவரும் சிகிச்சையாளரும் சொன்னதுதான் எல்லோருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் 34 வயதுப் பெண் தானே முடிவு செய்ய வேண்டியது. அக்காவின் முன்னாலேயே கேளுங்கள், அவர் பதில் சொல்லட்டும். எவ்வளவு நேரமானாலும்.

அண்ணனின் தங்கை:

நான் முதலாளி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணனுக்கு அறிவுசார் குறைபாடு, பகல்நேர நடவடிக்கை நிலையத்துக்குப் போகிறான், வீட்டில் ஒரு பணிப்பெண் இருக்கிறார். மேலே தோ பாயோ அக்கா எழுதியதைப் படித்து, என் அண்ணனிடம் கேட்காமல் நாங்கள் எடுக்கும் முடிவுகளை நினைத்துப் பார்த்தேன். நன்றி.

ஓய்வு நாள் பற்றி. 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு ஓய்வு நாள் கட்டாயம், அதைப் பணமாக மாற்ற முடியாது. மற்ற வார ஓய்வு நாள்களில் நீங்கள் சம்மதித்து வேலை செய்தால், குறைந்தது ஒரு நாள் சம்பளமாவது கூடுதலாகத் தர வேண்டும் அல்லது வேறு நாள் விடுப்பு தர வேண்டும். சம்மதித்தால் என்பதைக் கவனியுங்கள். இரவில் எழுந்திருக்கும் வேலையில் மாதம் ஒரே ஒரு நாள் என்பது மிகவும் குறைவு, தம்பி படிப்பு இருந்தாலும் இரண்டாவது கேளுங்கள். உடம்பு முடியாமல் போனால் எல்லாமே நின்றுவிடும். அந்த நாளில் அக்காவை யார் பார்ப்பார்கள் என்பது குடும்பத்தின் பொறுப்பு. உங்களுடையது இல்லை.

குடும்பத்துக்கு உதவித் திட்டங்கள் இருக்கின்றன, பலருக்குத் தெரியவே தெரியாது. அன்றாடச் செயல்கள் ஆறு என்று கணக்கு: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, வீட்டுக்குள் நகர்வது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இதில் ஒன்றுக்காவது உதவி தேவை என்று சான்று இருந்தால் பணிப்பெண்ணுக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை மாதம் 300 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான். மூன்றுக்கு நிரந்தரமாகத் தேவை என்றால், வருமான வரம்புக்குள் இருந்தால், வீட்டுப் பராமரிப்பு மானியமும் கிடைக்கும். 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கி 2023 மார்ச்சில் 400 வரை உயர்த்தினார்கள். இப்போதைய தொகையை ஏஐசி என்ற ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பெற்றோருக்கு 65க்கு மேல் ஆகிவிட்டதால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடாக இருந்தால், முதியோருக்காக வீட்டை மாற்றியமைக்கும் ஈஸ் திட்டத்தில் குளியலறைக் கைப்பிடி, வழுக்காத தரை எல்லாம் மலிவாகப் போட்டுக்கொள்ளலாம். இதைக் குடும்பத்திடம் நீங்கள் சொன்னால் தவறாக நினைக்க மாட்டார்கள்.

முக்கியமானது பயிற்சி. பராமரிப்பாளர் பயிற்சிக்கு மானியம் இருக்கிறது, அதில் பணிப்பெண்ணை அனுப்பலாம், சில பயிற்சிகளை வீட்டுக்கே வந்தும் கற்றுத் தருவார்கள். மாற்றுவது, ஊட்டுவது இரண்டையும் அந்த அக்காவின் உடம்பை வைத்தே கற்றுக்கொள்வதுதான் நல்லது. எங்கள் வீட்டில் வந்தவர் முதல் நாளே தனியாகச் செய்யட்டும் என்று யாரும் விடவில்லை, இரண்டு வாரம் அம்மா கூடவே நின்றார். அந்த இரண்டு வாரத்தை நீங்களும் கேளுங்கள்.

சமையல் துணி பற்றி ஒன்று. எது முதலில் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்காவைக் கழிப்பறையில் உட்காரவைத்திருக்கும்போது "குழம்பு அடிப்பிடிக்கிறது" என்று கூப்பிட்டால் போகக் கூடாது.

மட்டக்களப்பு:

நான் இலங்கையில் இருந்து வந்து இங்கே வேலை செய்யிறன். எல்லாரும் நல்லா எழுதியிருக்கிறீங்கள், நித்திரையைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

பெண் என்றபடியால் ஒரே அறையில் படுக்கலாம். ஆண் என்றால் மனிதவள அமைச்சின் விதிப்படி வயது வந்த ஆணோடு ஒரே அறையில் பணிப்பெண்ணைப் படுக்க வைக்கக் கூடாது, இதைத் தெரியாத பிள்ளைகள் கனபேர். ஆனால் ஒரே அறை என்றால் அவ தும்மினாலும் நீங்கள் எழும்புவீங்கள். பக்கத்து அறையில் படுத்து, குழந்தைகளுக்கு வைக்கிற ஒலிக்கருவி ஒன்று வைக்கலாமா என்று கேளுங்கோ. அந்த அக்காவுக்கும் இரவிலாவது தனி அறை வேணும்தானே.

காற்று மெத்தை என்று ஒன்று இருக்கு, மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும். அது போட்டால் புரட்டுற தடவை குறையலாம், ஆனால் எத்தனை என்று தாதிதான் சொல்ல வேணும், நீங்களாகக் குறைக்கக் கூடாது. தாதி ஓம் என்றால், படுக்கப் போகேக்க அப்பா ஒரு தடவை, விடியப்புறம் நீங்கள் ஒரு தடவை என்று பிரிச்சால் இடையில் நாலைஞ்சு மணித்தியாலம் ஒழுங்காகப் படுக்கலாம். அக்கா கணினியில் இருக்கிற நேரம் மத்தியானம் ஒரு மணித்தியாலம் உங்கட நேரம் என்று கேட்டு வாங்குங்கோ.

கடவுச்சீட்டும் சம்பளமும் உங்கட கையில் இருக்க வேணும். சேர்த்து வைக்கிறம் என்று முதலாளி சம்பளத்தை வைச்சிருக்க ஏலாது. கரைச்சல் என்றால் பணிப்பெண்கள் நிலையத்தின் 24 மணி நேர எண் 1800 2255 233.

புதுக்கோட்டைப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தோ பாயோ அக்கா, ஒரு விரலால் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், நான் பலமுறை படித்துவிட்டேன்.

நேற்று அந்த வீட்டுக்கு மறுபடி வீடியோவில் பேசினேன். இந்த முறை அக்காவிடம்தான் முதலில் பேசினேன், புரியாதபோது புரியவில்லை என்றே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவரே கணினியில் தட்டிக் காட்டினார், அப்படியும் பேசலாம் என்றார். யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற கேள்வியைக் கேட்டதும் அம்மா முகம் மாறியது, அப்பா சிரித்தார். அக்கா நீளமாக ஏதோ சொன்னார், அதில் "உடை" "வெளியே" இரண்டும் எனக்கே விளங்கியது. அம்மா ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை, போன பிறகு மறுபடி பேசுவோம் என்று முடித்தார்கள். இரண்டாவது ஓய்வு நாள் தருகிறார்கள், அன்றைக்கு அவருடைய சித்தி வருவாராம். பயிற்சிக்கும் சரி என்றார்கள். பக்கத்து அறை இல்லை, மூவறை வீடு என்றாலும் படுக்கையறை இரண்டுதான், அதனால் அக்கா அறையில்தான் படுக்க வேண்டும். ஆனால் படுக்கும் நேரத்தில் அப்பா ஒரு முறை புரட்டிவிடுவார்.

ஒரு கேள்வி பாக்கி. தண்ணீர் குடிக்கும்போது தலையைப் பின்னால் சாய்க்கிறார், இருமுகிறார். வீடியோவிலேயே பார்த்தேன். உறிஞ்சுகுழலும் வராதாம். என்ன செய்வது?

சக்கர நாற்காலி_தோ பாயோ:

ஒரு பக்க விளிம்பு வெட்டிய கோப்பை இருக்கிறது, வெட்டிய பக்கம் மூக்குக்கு இடம் விடும், அதனால் தலையைச் சாய்க்காமலே கடைசி வாய் வரை குடிக்கலாம். தாடை கொஞ்சம் கீழே நோக்கி இருக்க வேண்டும். ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் எனேபலிங் வில்லேஜ் இருக்கிறது, அங்கே டெக் ஏபல் என்ற இடத்தில் உடற்குறையுள்ளோருக்கான கருவிகளை வைத்திருக்கிறார்கள், அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பேருந்தில் போகலாம், எல்லாப் பொதுப் பேருந்திலும் சாய்தளம் உண்டு, ஓட்டுநர் இறங்கி வந்து போடுவார், நாற்காலி பின்பக்கம் பார்த்த மாதிரி நிற்க வேண்டும், பிரேக் போட மறக்காதீர்கள்.

ஆனால் தண்ணீருக்கே இருமினால் கோப்பை மட்டும் போதாது. பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடம் காட்டச் சொல்லுங்கள், தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி தேவையா, தேவையென்றால் எவ்வளவு என்று அவர்தான் அளவு சொல்வார். நீங்கள் போய்ச் சேரும் வாரத்துக்கே முன்பதிவு செய்யட்டும், அப்போதுதான் நீங்களும் கூடப் போய் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.